திரைக்கு அந்தப் பக்கம் கேட்ட அழுகை

தன் அண்ணன் இறந்த செய்தி ஊரிலிருந்து வந்தபோது என் மனைவி அழவில்லை. ஒரு மாதத்தில் அவளுக்கு வயிற்றுவலி தொடங்கியது. டாக்டர் சோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். வருடம் ஒன்றாகியும் வலி போகாததால், அவளுடைய வேலையிடத்துத் தோழி சொல்லி, ஒஸ்லோவில் வயிற்றை அழுத்தி வலி போக்கும் ஒரு சீனப் பெண்ணிடம் போனோம். நான் திரைக்கு இந்தப் பக்கம் காத்திருந்தேன். இருபதாவது நிமிடத்தில் மனைவி அழும் சத்தம் கேட்டது. ஒரு வருடமாக நான் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தும் வராத அழுகை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்; பொறாமைப்பட்டேன்.

எங்கள் வீடு இருக்கும் மோர்டென்ஸ்ருட்டுக்குத் திரும்பும் ரயிலில் விசாரித்தேன்.

"அவ என்ன கேட்டவ?"

"ஒண்டும் கேக்கேல்லை. தொப்புளைச் சுத்தி மெல்ல மெல்ல அமத்தினவ."

"அதுக்கே அழுதனீர்?"

"ஓம். உங்களிட்டை அழுகிறதெண்டால் முதல்ல பேட்டியெல்லோ குடுக்க வேணும்."

நான் பத்திரிகைக்காரன்.

அடுத்த நாள் ஹீட்டரில் கைகளைச் சூடாக்கிக்கொண்டு அவளருகில் உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்காமல் அவள் வயிற்றில் கையை வைத்து அழுத்தினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சற்று நேரம் கழித்து, "அவ இன்னும் கொஞ்சம் கீழை அமத்துறவ" என்றாள்.

கையைக் கீழே நகர்த்தினேன்.