செத்தவீட்டுக்குப் போகாத அண்ணை

என் பெரியப்பா ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். அப்பாவின் தமையன், குடும்பத்தில் மூத்தவர். அவர் வாய் திறந்தால் மற்றவர்கள் மூடிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் ஒற்றுமை என்று சொன்னது அதைத்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். போரால் மின்சாரமும் சவர்க்காரமும் ஒன்றாகக் காணாமல் போயிருந்த காலம். அப்போது அவர் மேல்நாட்டுப் பழைய துன்பியல் நாடகம் ஒன்றைத் தமிழாக்கி நல்லூரில் மேடையேற்றப் புறப்பட்டார். போரில் வென்று திரும்பும் அரசனை அவனுடைய மனைவியே கள்ளக்காதலனோடு சேர்ந்து கொன்றுவிடுகிறாள். மகள் அந்த அரண்மனையிலேயே வேலைக்காரி போலக் கிடந்து, தூரதேசத்தில் இருக்கும் தமையன் வந்து பழிதீர்ப்பான் என்று காத்திருக்கிறாள். மூலத்தில் அவன் தம்பியாம். பெரியப்பா தமையனாக்கிவிட்டார். குடும்பத்தைக் காப்பாற்றுகிறவன் மூத்தவனாகத்தானே இருக்கவேண்டும்!

அந்த மகள் வேடம் எனக்கு. கம்பஸ் முடித்துவிட்டுப் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒத்திகையும் அதே ரியூசன் கொட்டிலில், பின்னேரங்களில்.

எனக்கு ஒரு மாமி இருந்தார். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கச்சி. குருநகர்க் கத்தோலிக்கர் ஒருவரை, கடற்றொழிலாளியை, விரும்பிக் கட்டியவர். "அவள் எங்களுக்குச் செத்திட்டாள்" என்று பெரியப்பா சொன்னார். அன்றிலிருந்து மாமி செத்துத்தான் போனார். சுன்னாகத்தில் மாமிக்கென்று இருந்த தோட்டத்தில் பெரியப்பாவே வெங்காயம் நட்டார். செத்தவர்களுக்கு வெங்காயம் எதற்கு?

ஒருநாள் நாங்கள் தகப்பனின் கல்லறைக் காட்சியை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா சைக்கிளில் வந்து இறங்கினார். பெரியப்பாவிடம் போய்க் குனிந்து சொன்னார். எனக்கும் கேட்டது. மாமியின் மனுசன் கடலில் துப்பாக்கிச் சூடுபட்டுச் செத்துப்போனார்.

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் போட்டுக்கொண்டார்.

"சரி, விட்ட இடத்திலையிருந்து செய்வம். பிள்ளை, உன்ரை அழுகை காணாது. இரத்த உறவு எண்டால் என்னெண்டு நினைச்சு அழு."

அவர் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. அப்பா சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் அம்மா சோறு போட்டுக்கொண்டே கேட்டார்: "நீங்கள் போகேல்லையே?"

"அண்ணை போகேல்லை. நான் எப்பிடிப் போறது?"

"உங்கடை கூடப்பிறந்தவள் எல்லோ."

"அண்ணையும் கூடப்பிறந்தவர்தானே" என்றார் அப்பா. சொல்லிவிட்டு ஒழுங்காகச் சாப்பிட்டு முடித்தார். குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இதைத்தான் ஊரில் அண்ணன்மேல் விசுவாசம் என்று மெச்சினார்கள். பயத்துக்கு எத்தனை நல்ல பெயர்கள்! நாடகத்தில் பழிவாங்க வாள் வேண்டியிருந்தது. எங்கள் ஆட்களுக்கு அந்தச் சிரமமும் இல்லை. ஒரு செத்தவீட்டுக்குப் போகாமல் விட்டால் போதும், வெட்டு ஆழமாக விழும்.

அடுத்தநாள் காலமை நான் தனியே குருநகருக்குச் சைக்கிள் மிதித்தேன். சின்ன வீடு. முற்றம் நிறையக் கடற்கரைச் சனம். மாமி மகனோடு சவப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். தலைமாட்டில் ஒரு கதிரை வெறுமையாய்க் கிடந்தது. யாரோ அதில் இருக்கப் போக, மாமி தடுத்தார்.

"அண்ணை வாறாரோ, பிள்ளை?"

"வரமாட்டார், மாமி."

மாமி அந்தக் கதிரையைப் பார்த்தார்.

"நாடக வேலையாம் எண்டு கேள்விப்பட்டனான். நேரம் இருந்திராது."

எனக்கு மாமிமேலும் கோபம் வந்தது. மனுசன் பெட்டிக்குள் கிடக்கிறான், இந்த மனுசி அண்ணைக்குச் சாட்டுத் தேடிக்கொடுக்கிறா!

நான் போனது அன்றைக்கே பெரியப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. என்னை நாடகத்தைவிட்டுக் கலைக்க அவரால் முடியவில்லை. நாடகத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, வேறு பெட்டையும் கிடையாது. ஆகவே என்னோடு கதைப்பதை நிறுத்தினார். நான் முன்னால் நிற்க, மற்றவர்களிடம் சொல்வார்: "உவவுக்குச் சொல்லுங்கோ, குரல் மேலை வரட்டாம்." அவருக்குத் தெரிந்த பழி அவ்வளவுதான். ஆளைச் செத்தவராக்குவது.

நாடகம் ஒரு பின்னேரம் நடந்தது. மண்டபம் நிறைந்த சனம், வாசலெல்லாம் சைக்கிள். தமையன் வந்துசேரும் காட்சி. என்னோடு படிப்பித்த ஒருவர்தான் தமையன். நான் அவன் காலில் விழுந்து, "வந்தாயோ என் தமையனே! உன் வரவால் எந்தையின் குருதி குளிர்ந்தது" என்று சொல்லவேண்டும். பெரியப்பாவுக்கு மிகவும் பிடித்த வசனம். அந்தக் குருதியை அவர் எத்தனை தரம் சொல்லிக்காட்டியிருப்பார்!

எனக்கு விழ மனம் வரவில்லை. நிமிர்ந்து நின்றேன். வாயில் வீட்டுப் பேச்சுத்தான் வந்தது.

"அண்ணை, இவ்வளவு காலமும் ஏன் வரேல்லை?"

தமையன் வேடக்காரர் விறைத்துப்போனார். அவருக்கு வசனம் இல்லை.

"இஞ்சை ஒரு கதிரை வெறுமையாய்க் கிடந்தது. ஆரையும் இருக்க விடாமல் வைச்சிருந்தவ. நீங்கள் வரேல்லை."

பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து விசும்பல் கேட்டது. கைதட்டல் ஓய்ந்தபின்தான் அடுத்த வசனத்துக்குப் போகமுடிந்தது. பக்கத்திரைக்குள் நின்ற பெரியப்பாவைப் பார்த்தேன். அவருக்கு விளங்கியது. முகம் கறுத்திருந்தது.

முடிவில் பிரதம விருந்தினர் பேசினார். செந்தமிழுக்கு நடுவே அந்த ஓரிடத்தில் பேச்சுத்தமிழைப் புகுத்தியது மேதைமை என்றார். பெரியப்பா மாலையோடு எழும்பினார்.

"அந்த இடத்தை மாத்த நான் கனநாள் யோசிச்சனான்" என்றார்.

அப்பா முன்வரிசையில் இருந்து கைதட்டினார்.

தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்க எல்லோரும் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கிடந்தோம். பெரியப்பாவுக்குக் கடும் காய்ச்சல். எப்படியோ கேள்விப்பட்டு மாமி தேடி வந்தார். எங்கேயோ அரிசி வாங்கிக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து, அவர் தலையைத் தூக்கிப் பருக்கினார். பெரியப்பா குடித்தார். சுவரைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் குடித்தார். ஒரு சொல் கதைக்கவில்லை. அப்பா, தங்கச்சியோடு தான் கதைக்கலாமோ என்று அறிய, தமையன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

காய்ச்சல் விட்டபின் மாமி மகனோடு வன்னிக்குப் போய்விட்டார். பெரியப்பா எழும்பி இருந்து, பக்கத்துக் குடும்பங்களுக்குச் சொல்லத் தொடங்கினார்:

"என்ன இருந்தாலும் கூடப்பிறந்தவள். நான் அவளை மன்னிச்சிட்டன்."

அவர்கள் தலையாட்டினார்கள். பெரிய மனம் என்றார்கள்.