சேற்று வெளிச்சத்தில் ஒரு கவிதை

நாற்பதைத் தாண்டியும் ஓரிடத்தில் உட்காரத் தெரியாத எனக்குப் போன மழைக்காலத்தில் பிடித்த பைத்தியம், சேறு. சேற்றுக்குள் ஒருவகை பாக்டீரியா உண்டாம். இரையைச் செரித்துவிட்டு, மிஞ்சும் இலத்திரன் என்ற மின்துகள்களைக் கரியிடம் தள்ளிவிடுமாம். அதுதான் மின்சாரம். கழிவுநீரைச் சுத்தமாக்கவும் அதை வேலைக்கு வைக்கிறார்கள். எனக்குக் கழிவுநீரா கவலை? ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு, அதன் வெளிச்சத்தில் என் கவிதையை வாசிக்க வேண்டும். பதுளை நண்பர்களை ஞாயிறு மாலை நமுனுகுலவில் தேயிலைத் தோட்டத்து என் லய வீட்டுக்கு வரச் சொல்லியும்விட்டேன்.

கழிவுநீர் ஓடும் கானில் சேறு அள்ளித் தயிர்ச்சட்டிகளை நிரப்பினேன். பழைய டோர்ச் பெட்டரியின் கரிக்குச்சி சேற்றின் அடியில் ஒன்று, மேல்நீரில் ஒன்று. சட்டிக்குச் சட்டி கம்பி, கடைசியில் அந்த விளக்கு. கொழுந்து பறித்துவிட்டு வந்த மனைவி மூக்கைப் பொத்தினாள்.

"என்னங்க இது, கான ஊட்டுக்குள்ள கொண்டாந்து வச்சிருக்கீங்க?"

"கரண்டு வரும்."

"வரட்டும். மொதல்ல சட்டி வெளிய போகட்டும். நீங்களும்."

வாசலில் வைத்தேன். சில நாளில் விளக்கில் ஒரு சிவப்பு. வெளிச்சம் என்று சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும், ஆனாலும் சிவப்பு.

சனிக்கிழமை எனக்குச் சேற்றின் மேல் அன்பு பொங்கிவிட்டது. அப்பா தோட்டத்தில் முள்ளுக் குத்தியவர். தேயிலை வேருக்குக் காற்றுப் போக, இரும்பு முள்ளால் நிலத்தைக் குத்திவிடும் வேலை. மண் என்றால் மூச்சுவிட வேண்டும் என்பது எங்கள் ரத்தத்தில் ஊறியது. முள்ளுக்கரண்டியால் சட்டி சட்டியாகக் குத்தினேன்.

ஞாயிறு நண்பர்கள் வந்தார்கள். விளக்கு செத்துக் கிடந்தது. அவர்களில் ஒருவர் விஞ்ஞான ஆசிரியர்.

"சேத்த என்னா பண்ணுனீங்க?"

"காத்து விட்டேன் சார்."

"நாசமாப் போச்சு! காத்து கெடைச்சா அதுக இலத்திரன காத்துக்கே குடுத்துருமே, கரிக்கு ஏன் குடுக்கப் போகுது? மேல தண்ணிய ஊத்திட்டுக் கைய வைக்காம இருங்க. ஒங்களால முடியுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். மனைவி சுட்ட வடையைத் தின்றுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள். கவிதையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கூச்சமில்லாமல் நானே ஞாபகப்படுத்தினேன். அதற்குள் பஸ் ஹோர்ன் அடித்துவிட்டது.

அந்த வாரம் முழுக்கக் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சட்டிகளைச் சுற்றி நடந்தேன். ஒரு மாலை சிவப்பு திரும்பியது. மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தாளைப் பிரித்தேன். அந்த வெளிச்சத்தில் ஓர் எழுத்தும் தெரியவில்லை. சரி, மனப்பாடமாகவே ஆரம்பித்தேன்.

அவள் குனிந்து விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செத்த நேரம் படிக்காதீங்க," என்றாள். "பாத்துக்கிட்டிருக்கேன்ல."