கணினித் தட்டில் அரிசி

எங்கள் வீட்டுக் கணினி வெறுமையாகத்தான் வந்தது. பெட்டி, திரை, தட்டச்சுப் பலகை எல்லாம் இருந்தன. அதை ஓட வைப்பதற்கு உள்ளே இருக்க வேண்டியது மட்டும் இல்லை. அப்படி வாங்கினால் விலை குறையும் என்று மலாக்கா கடைக்காரர் சொல்லியிருக்கிறார். லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா சிறுநீரகம் கெட்டு, இரத்தம் சுத்திகரிக்க மருத்துவமனைக்கு நடையாய் நடந்த காலம் அது. அக்காவுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததும் அவரே போய் வாங்கி வந்தார். கொஞ்சம் பொறுக்கலாமே என்று அம்மா சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பாயா ரும்புட்டில் இருந்த எங்கள் வீட்டுக் கூடத்தில், அப்பாவின் மெத்தைக்கு எதிரே அதை வைத்தார்கள். அம்மா எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டு, திரைக்குக் குங்குமம் வைத்தார். அக்கா பொத்தானை அழுத்தினாள். கறுப்புத் திரையில் ஒரு வரி வெள்ளை எழுத்து வந்து நின்றது. அவ்வளவுதான்.

“இது கோசோங்மா. உள்ள ஒண்ணும் இல்ல. மாமா வந்து சிடி போட்டு ஏத்துனாத்தான் ஓடும்” என்று சொல்லி, சிடி வைக்கிற தட்டை வெளியே வரவழைத்துக் காட்டினாள்.

அம்மாவின் முகம் மாறிவிட்டது. புதுப் பாத்திரம் வாங்கினால் ஒரு பிடி அரிசியோ சீனியோ போடாமல் எங்கள் வீட்டுக்குள் எடுக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைக்கூட வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை.

“சீக்காளி இருக்கிற வீட்டுல வெறும் சாமான கொண்டாந்து வச்சிருக்கீங்களே” என்றார்.

“நானே கோசோங்தான்லா. தொணைக்கு இருந்துட்டுப் போவட்டும்” என்றார் அப்பா. அம்மா சிரிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அக்கா வெளியே போயிருந்தாள். அப்பா தூங்குகிறார் என்று நினைத்து, அம்மா கணினியை முடுக்கி, அக்கா செய்தது போலவே தட்டை வரவழைத்தார். நாலு அரிசியும் ஒரு சிட்டிகை சீனியும் வைத்துக் கும்பிட்டு, தட்டை உள்ளே தள்ளினார். சமையலறை வாசலில் நான் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் கண்கள் பாதி திறந்திருந்தன. நான் பார்ப்பதைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

அலோர் காஜாவில் நகல் கடையில் வேலை செய்த மாமா, யாரிடமோ இரவல் வாங்கிய சிடியோடு வந்தார். அரிசி அதற்குள் பெட்டியின் உட்புறம் சரிந்திருந்தது. அவர் கண்ணில் படவில்லை. கியர் விழாத லாரி போல ஒரு சத்தம் வந்தது. பிறகு அந்தச் சத்தமும் இல்லை. மாமா பெட்டியைக் கழற்றிக் கவிழ்த்தார். கீறல் விழுந்த சிடியோடு அரிசியும் கொட்டியது.

“யாரு போட்டது இத?”

அக்கா அம்மா பக்கம் திரும்பினாள். அம்மா வாயைத் திறக்குமுன், “நான்தான் போட்டேன்” என்றார் அப்பா.

“சீக்கு வந்தா மூளையுமாப்பா போயிரும்? நான் எப்படிப் படிப்பேன்?” என்று அக்கா கத்தினாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

மாமா பெட்டியைப் பழுது பார்க்கத் தூக்கிக்கொண்டு போனார். அக்கா பாடம் தட்டச்சு செய்ய டவுனுக்கு பஸ் ஏறி அலைந்தாள். அப்பாவுக்குத் தண்ணீர் அளந்துதான் கொடுக்க வேண்டும். அதை எப்போதும் அக்காதான் கொடுப்பாள், கொஞ்சம் கதையும் பேசுவாள். அதன் பிறகு தம்ளரை மெத்தை ஓரம் வைத்துவிட்டு, பேசாமல் போனாள். அப்பா அந்தத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் குடிப்பதைப் பார்க்க எனக்கு அழுகையாக வந்தது.

கருமாதி முடிந்த பிறகுதான் கணினி திரும்பி வந்தது. நன்றாக ஓடியது. எதிரே மெத்தை இல்லை.

இன்றும் அப்பாவுக்குப் படையல் போடும்போது, “கம்ப்யூட்டருக்கும் பசிக்கும்னு நெனச்ச மனுஷன்” என்று அக்கா தன் பிள்ளைகளிடம் சொல்லி அழுவாள். கடைசி நாட்களில் அவரிடம் பேசாமல் போனோமே என்பது அவள் துக்கம். அக்காவோடுதான் இருக்கும் அம்மா, சாதம் கொண்டுவர உள்ளே போய்விடுவார்.

மாமா பெட்டியைத் தூக்கிப் போன அன்று மாலை, அப்பாவின் காதருகே போய் நான் கேட்டேன்: “ஏன்பா பொய் சொன்னீங்க?”

“அம்மா மேல கோவம் வரக்கூடாதுய்யா. அம்மாகூடத்தான நீங்கல்லாம் இருக்கப் போறீங்க” என்றார்.

அப்பாவும்தானே இருக்கப் போகிறார், இதென்ன பேச்சு என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டேன்.