கப்பலுக்கு அனுப்பிய பம்பு

அண்ணன் கடற்படையில் இருந்த பதினைந்து வருடத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஒருவர்கூட அவருடைய கப்பலைப் போய்ப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. அன்னூர்ப் பக்கம் தோட்டம் வைத்துப் பிழைத்த குடும்பம் நாங்கள். எங்களுக்குத் தண்ணீர் என்றால் ஆயிரம் அடிக்குக் கீழே கிடப்பது. அதை மேலே ஏற்றுவதற்குள் பாதி ஆயுள் போய்விடும். கேட்காமலே வந்து காலை நனைக்கிற தண்ணீர்மேல் எங்கள் ஆட்களுக்குப் பெரிய மரியாதை கிடையாது.

பதினெட்டு வயதில் பண்ணையத்தை விட்டுவிட்டுக் கப்பலுக்குப் போனவர் என்பதால் அண்ணனை உறவுக்காரர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். ஓய்வு பெற்று வந்த பிறகு, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் யாராவது ஒரு மாமன், “கப்பல்ல என்னதானுங்க மாப்பிள்ளை வேலை?” என்பார். “எஞ்சின் ரூமுங்க” என்பார் அண்ணன். அதோடு பேச்சு மஞ்சள் விலைக்குப் போய்விடும். நானும் அதே ரகம்தான், குறைவில்லை. கோயமுத்தூர் கணபதியில் நான் நடத்துகிற பம்பு பட்டறையில் அவர் டெஸ்டிங் பார்த்துக்கொண்டார். பட்டறை ஆட்கள் முன்னால் அவரைக் “கேப்டன்” என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்வேன். சிரித்துக்கொள்வார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை எழுதும்போது அந்த வாயில் நாலு போடலாம் போலிருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் அவருடைய கப்பலுக்கும் ஓய்வு கொடுத்தார்கள். அதைக் கிழக்குக் கரையில் ஒரு சின்னத் துறைமுகத்தில் கட்டிப்போட்டு, அருங்காட்சியகமாக்கலாமா, உடைத்துவிடலாமா என்று அதிகாரிகள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். முடிவு தெரிகிறவரை கப்பலைப் பார்த்துக்கொள்ள, அதில் வேலை பார்த்த பழைய ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் முறை வைத்துப் போய்வந்தார்கள். எல்லோரும் அறுபதை ஒட்டியவர்கள். அண்ணன் மாதத்தில் பத்து நாள் அங்கேதான் கிடந்தார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. எங்கள் ஊரில் ஓடாத லேத்து ஒன்றை மூன்று மாதம் வைத்திருக்க மாட்டோம், எடைக்குப் போட்டுவிட்டு அந்த இடத்தில் வேறு மிஷின் இறக்குவோம். ஓடாத கப்பலுக்குப் பெயின்ட் அடிக்க அறுபது வயதில் பஸ் ஏறிப் போவதா? இதைக் கேட்டே விட்டேன். அன்றைக்குத்தான் அண்ணன் வாயைத் திறந்தார்.

அவர் வேலை பார்த்த எஞ்சின் அறையில் ஒருநாள் நீராவிக் குழாய் வெடித்து மூன்று பேர் இறந்துபோனார்கள். அதற்குக் கால் மணி நேரம் முன்னால்தான் அண்ணன் தன் முறையை முடித்து மேலே ஏறியிருந்தார். அவர் இடத்தில் வந்து நின்றவர் அந்த மூவரில் ஒருவர். நாகர்கோவில்காரர். அவருடைய மனைவி அப்போது நிறைமாதம். பிறந்த மகள் இப்போது பள்ளிக்கூடத்தில் டீச்சர். கப்பலை அருங்காட்சியகமாகத் திறக்கிற அன்றைக்கு அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கி, அவளுடைய அப்பா கடைசியாக நின்ற இடத்தைக் காட்டுவதாக அண்ணன் வாக்குக் கொடுத்திருக்கிறார். இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக ஒரே வீட்டில் சாப்பிடுகிறோம். இந்தக் கதையை அதுவரை அவர் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

கேட்டுவிட்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா? “செரிங்ணா, பம்பு கிம்பு வேணும்னா சொல்லுங்க” என்றேன். எங்கள் ஆட்களுக்கு ஆறுதல் சொல்லவும் பம்புதான், அன்பு காட்டவும் பம்புதான்.

உண்மையிலேயே பம்புதான் தேவைப்பட்டது. கப்பலைத் தள்ளுகிற விசிறியைச் சுழற்றுகிற தண்டு கப்பலின் பின்பக்கம் வெளியே போகிற இடத்தில் எப்போதும் கொஞ்சம் கடல்நீர் கசிந்துகொண்டே இருக்குமாம். அடித்தட்டில் அது சேரச் சேர வெளியே இறைத்தாக வேண்டும். இருந்த பம்பு வாயைப் பிளந்துவிட்டது. அண்ணன் ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்து, உள்ளே தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லர் மட்டும் கண்டிப்பாகக் கன்மெட்டலில்தான் இருக்க வேண்டும் என்றார். கன்மெட்டல் என்றால் செம்பும் தகரமும் கலந்து வார்ப்பது. வார்ப்பிரும்பு போட்டால் கடல் தண்ணீர் தின்றுவிடும் என்று இரண்டு தடவை சொன்னார். சொல்லிவிட்டுத் தன் முறைக்குத் துறைமுகம் போய்விட்டார்.

அது பங்குனி மாதம். கோடை வந்தால் எங்கள் தொழிலில் மூச்சு விட நேரம் இருக்காது. கருமத்தம்பட்டியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் பம்பு கேட்டு ஆட்கள் பட்டறை வாசலிலேயே நிற்பார்கள். எனக்குக் கன்மெட்டல் வார்த்துக் கொடுக்கிறவரிடம் வேலை செய்த வடக்கத்தி ஆட்கள் ஹோலிக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பவில்லை. மூன்று வாரம் ஆகும் என்றார் அவர். என் ரேக்கில் அதே அளவில் வார்ப்பிரும்பு இம்பெல்லர் தயாராக இருந்தது. தாராபுரம் பக்கத்துக் கிணறுகளில் வாயில் வைக்க முடியாத சப்பைத் தண்ணீரில் என் வார்ப்பிரும்பு பம்புகள் பன்னிரண்டு வருடம் ஓடுகின்றன. உப்பை நான் பார்க்காததா? கப்பல்காரர்கள் எதையும் பெரிதாக்கித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இப்போதைக்கு இதைப் போட்டு அனுப்புவோம், பொறகு மாற்றிக்கொள்ளலாம். இந்தப் “பொறகு” என்கிற சொல்லால் கோயமுத்தூரில் கெட்ட வேலைகளுக்குக் கணக்கே இல்லை.

வார்ப்பிரும்பை மாட்டினேன். பெருமைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தண்டு போட்டேன். வெளியே இரண்டு கோட்டு நீலப் பெயின்ட். லாரியில் ஏற்றிய அன்று மாலை அண்ணன் போனில் கூப்பிட்டார்.

“கன்மெட்டல்தானே போட்டே, தம்பி?”

“ஆமாங்ணா, அதேதானுங்க.”

இவ்வளவுதான் நான் சொன்ன பொய். ஒரு வரி. வாடிக்கையாளரிடம் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன், சத்தியமாகச் சொல்கிறேன். அண்ணன்தானே என்று சொல்லிவிட்டேன்.

பம்பு அருமையாக ஓடியது. அண்ணன் ஒரு போட்டோ அனுப்பினார். ஆறேழு வயசாளிகள் என் பம்பைச் சுற்றி நின்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார்கள், அண்ணன் நடுவில். அதைப் பட்டறையில் வருவோர் போவோருக்கெல்லாம் காட்டினேன். சித்திரை கடைசியில் கன்மெட்டல் இம்பெல்லரும் வந்து சேர்ந்தது, தங்கம் மாதிரிப் பளபளவென்று. ஒரு போன் போட்டு, “அண்ணா, முதலில் இரும்பைப் போட்டுவிட்டேன், இதை மாற்றிக்கொள்ளுங்கள்” என்று சொல்லியிருந்தால் முடிந்தது கதை. சொல்ல வாய் வரவில்லை. ஊரையே வெட்டுகிற வாய், இதற்கு மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆடி போகட்டும் என்றேன். ஆயுத பூஜை போகட்டும் என்றேன். அது ரேக்கிலேயே கிடந்தது. பூஜைக்கு ரேக்கைத் துடைத்த ஆள் அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனார்.

ஐப்பசி மழையில் போன் வந்தது. இரண்டு நாள் அடைமழை. கப்பலில் பழைய ஆட்கள் யாரும் இல்லை, காவலாளி ஒருவர் மட்டும். பம்பு ஓடுகிற சத்தம் அவருக்குக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது, அதனால் பயப்படவில்லை. மோட்டார் ஓடியது, தண்ணீர்தான் ஏறவில்லை. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்த பிறகுதான் அவர் ஓடிப்போய்ச் சொன்னார். ஆட்கள் வருவதற்குள் பின்பக்கம் இறங்கிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. எஞ்சின் அறை முழுக்கத் தண்ணீர்.

பிறகு இறைத்துத் தூக்கி நிறுத்தினார்கள். ஆனால் பொதுமக்களை ஏற்றுகிற நிலைமையில் கப்பல் இல்லை என்று அதிகாரிகள் எழுதிவிட்டார்கள். முடிவெடுக்க ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு நான் அதைச் செய்து, பெயின்ட் அடித்து, லாரியில் அனுப்பியிருந்தேன். தை மாதத்தில் கப்பலை உடைக்கக் கொடுத்துவிட்டார்கள்.

அதற்கு முன்னாலேயே, கார்த்திகையில், அண்ணன் ஊருக்கு வந்துவிட்டார். வந்தவர் வீட்டுக்குப் போகாமல் நேராகப் பட்டறைக்கு வந்தார். மத்தியானம், ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். பையிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து என் மேஜைமேல் வைத்துப் பிரித்தார். என் இம்பெல்லர். இறக்கைகள் பாதிக்குமேல் காணவில்லை. மிச்சம் இருந்ததை அவர் கட்டைவிரல் நகத்தால் கீறினார். பென்சில் கரி மாதிரி உதிர்ந்தது. பன்னிரண்டு வருடம் கிணற்றில் கிடந்தாலும் கீறல் விழாத இரும்பு, ஏழு மாதத்தில் நகத்துக்கு வழிவிடுகிறது. ஸ்டீல் தண்டு வேறு போட்டிருந்தேனே, கடல்நீரில் ஸ்டீலோடு சேர்ந்த இரும்பு இன்னும் வேகமாக அரித்துப்போகும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவரிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அறைந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

“நான் கேட்டப்ப ஆமான்னு சொன்னியே, தம்பி” என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“கப்பல் என்னிக்காச்சும் போறதுதான். ஆனா அங்க பதினைஞ்சு வருசம் நான் கத்துக்கிட்டதுல ஒரே ஒரு விசயத்தத்தான் உங்க யாருகிட்டயாவது சொல்லியிருக்கறேன். அதைக்கூட நீ காதுல போட்டுக்கலயே.”

அவ்வளவுதான் பேசினார். கரி படிந்த கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார். மறுநாள் காலையில் வழக்கம்போல டெஸ்டிங்குக்கு வந்தார். நான் அதற்குப் பிறகு அவரைக் கேப்டன் என்று கூப்பிட்டதில்லை.

கப்பலின் பழைய ஆட்களிடம் அவர் என்ன சொன்னார் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. அவர்களில் ஒருவர் ஏதோ வேலையாகக் கோயமுத்தூர் வந்தபோது பட்டறைக்கும் வந்தார். எனக்கு ஆறுதல் சொல்கிறார்: நல்ல பம்புதானாம். பராமரிப்பைப் பார்க்க வேண்டிய அண்ணன்தான் மாதாமாதம் திறந்து பார்க்காமல் விட்டுவிட்டாராம். அவரே எல்லோர் முன்னாலும் எழுந்து ஒப்புக்கொண்டு குழுவிலிருந்து விலகிவிட்டாராம். “வயசாச்சு, மறந்துட்டார் பாவம்” என்றார் வந்தவர். நான் அவருக்கு டீ வரவழைத்துக் கொடுத்தேன். என்னால் முடிந்தது அதுதான்.

போன மாதம் நாகர்கோவில் பெண் வந்தாள். ஏதோ ஆசிரியர் பயிற்சிக்காகக் கோயமுத்தூர் வந்தவள், அங்கிளைப் பார்க்காமல் போகக்கூடாது என்று பட்டறைக்கே வந்துவிட்டாள். முப்பத்தைந்து வயது இருக்கும். அண்ணன் அவளை உட்கார வைத்து இளநீர் வாங்கிக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, அசெம்பிளி ஷெட்டைக் கொஞ்சம் காலி பண்ணித் தர முடியுமா என்றார். ஆட்களை வைத்துப் பம்புகளை எல்லாம் ஓரமாக ஒதுக்கினேன்.

அண்ணன் ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு தரையில் குனிந்தார். அடிக்கோல் இல்லை, டேப் இல்லை. காலால் அளந்து அளந்து கோடு போட்டார். இது ஏணி, இது பாய்லர், இது வால்வு வரிசை, இங்கே கடிகாரம், இங்கே அவர்கள் சட்டை மாட்டுகிற கொக்கி. முழங்கால் வலிக்காரர், அரை மணி நேரம் தவழ்ந்தார். அந்தப் பெண் கோட்டை மிதிக்காமல், செருப்பைக் கழற்றிவிட்டு, ஏணி இருந்த பக்கமாக உள்ளே வந்தாள். எங்கே நிற்க வேண்டும் என்று அண்ணன் காட்டினார். போய் நின்றாள். இரண்டு கையையும் வால்வு இருந்த உயரத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார். வைத்துக்கொண்டாள். அப்படியே நின்று அழுதாள்.

கப்பல் எப்படி அங்கிள் அவ்வளவு சீக்கிரம் போய்விட்டது என்று பிறகு கேட்டாள். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. “அதுக்கு வயசாயிருச்சு கண்ணு” என்றார்.

இப்போதாவது சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று கிடந்து அடித்துக்கொண்டது. அவள் முன்னால் சொன்னால் அண்ணன் மேல் இருக்கிற பழி போகும், எனக்கும் விடிவு வரும். அவள் குடித்து வைத்திருந்த இளநீர் மட்டையை எடுத்துக்கொண்டு போய் வெளியே போட்டேன்.

பஸ்ஸுக்கு நேரமானதும் அவள் கிளம்பினாள். வாசல்வரை போனவள் திரும்பி என்னிடம் வந்து கையெடுத்துக் கும்பிட்டாள்.

“உங்க பம்புதான் கப்பலைக் கடைசிவரைக்கும் காப்பாத்துச்சுன்னு அங்கிள் சொல்லியிருக்காங்க. ரொம்ப நன்றி சார்.”

நானும் கும்பிட்டேன்.