கடலடியில் ஜாபஸ் போட்ட கட்டில்கள்

பஞ்சர் கடையில் வண்டிக்குக் காற்றுப் பிடிக்கும் முன்னால் ரப்பர் குழாயை வாங்கி மோந்து பார்க்கிற மனிதர் ஜாபஸ். அண்ணனூர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் துலுக்கானத்தின் கடை. குழாயின் வாயை மூக்கருகில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். இழுப்பார். முகம் சுளிப்பார்.

"ஆயில் வாசனை வர்து நைனா. ஃபில்டரை மாத்து."

"டயருக்குத்தான அண்ணாத்தே காத்து? அது இன்னா மூச்சா உடப் போவுது?" என்பார் துலுக்கானம்.

"காத்துன்னா காத்துதான். அதுல இன்னா டயரு, மன்சன்?" என்று சொல்லிவிட்டு ஜாபஸ் வண்டியை உதைப்பார். துலுக்கானம் இதுவரை ஃபில்டரை மாற்றவில்லை. ஜாபஸும் மோந்து பார்ப்பதை நிறுத்தவில்லை.

மனிதர்களுக்குக் காற்று அடைப்பதுதான் ஜாபஸின் பிழைப்பு. அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்ரஸர் மெக்கானிக்காக இருந்தவர். அந்தமானில், பெரிய ஊரிலிருந்து படகேறிப் போக வேண்டிய ஒரு சின்னத் தீவில், பவளப்பாறை பார்க்க ஆட்களைக் கடலுக்கடியில் கூட்டிப் போகும் கடை ஒன்று இருக்கிறது. அங்கே கம்ப்ரஸர் மக்கர் செய்தது. ஒரு வார வேலை என்று போனவர், ஒன்பது வருஷமாக அங்கேதான் இருக்கிறார். கடல் முரண்டு பிடிக்கும் மழை மாதங்களில் கடையைச் சாத்திவிடுவார்கள். அப்போது மட்டும் அண்ணனூர். மற்ற நாளெல்லாம் அங்கே ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, முதுகில் சிலிண்டரைச் சுமந்து இறங்குகிறவர்களுக்கு மூச்சுக்காற்று நிரப்பிக் கொடுக்கிறார்.

காற்றை உள்ளே இழுக்கும் குழாயை உயரமான கம்பத்தில் கட்டியிருக்கிறாராம். அடுத்த வீட்டு ஜெனரேட்டர் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துத்தான் கம்பத்தைத் திருப்புவார். காலையில் முதல் சிலிண்டர் நிரம்பியதும், கவிழ்த்துப் போட்ட பக்கெட்டில் உட்கார்ந்து வாய்க்குழாயை மாட்டிக்கொண்டு, ஒரு டீ குடிக்கிற நேரம் அந்தக் காற்றையே இழுத்து விடுவார். சமையல்காரர் உப்புப் பார்ப்பது போலத்தான். "எனுக்கு ஒண்ணும் ஆவலைன்னா அவங்களுக்கும் ஒண்ணும் ஆவாது. அப்புறம்தான் போட்ல ஏத்துவேன்."

தீவில் வாழ்கிறவர் என்றதும் எனக்குப் பொறாமை வந்தது உண்மை. அதை அவர் ஒரே பேச்சில் தீர்த்துவைத்தார். "சினிமால காட்றாப்புல இல்ல சார். கப்பல் வர்லன்னா வெங்காயம் கெடையாது. பூசணிக்கா, முட்டை, திரும்பவும் பூசணிக்கா. போனுக்கு டவர் வேணும்னா போட்டு வந்து நிக்கிற ஜெட்டியாண்ட ஒரு புன்னை மரம் கீது, அதுங்கீழ போயி நிக்கணும். ஊருல கீற எல்லாரும் அங்கதான் நின்னுகினு பொண்டாட்டியாண்ட பேசுவான். யாரு ஊட்ல இன்னா சண்டைன்னு அம்புட்டும் தெரியும்." காலையில் உதறாமல் செருப்பை மாட்டினால் உள்ளே சங்கு நண்டு குடியிருக்குமாம். அண்ணனூரிலும் அவர் செருப்பை உதறித்தான் போடுகிறார்.

தீவிலிருந்து கொண்டுவந்த இன்னொரு பழக்கமும் உண்டு. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டுவது. தண்ணீருக்குள் பேச முடியாது அல்லவா? அங்கே "சரியா இருக்கியா?" என்று கேட்பதற்கு அதுதான் சைகை. "சரியாக இருக்கிறேன்" என்ற பதிலுக்கும் அதே சைகைதான். கேட்டால் பதில் வந்தே ஆக வேண்டும், பதில் வராத வரை கேட்டவர் நகரக் கூடாது என்பது அவர்கள் சட்டம். தண்ணீரில் இறங்காத ஜாபஸுக்கும் படகுக்காரர்களோடு பழகி அது தொற்றிக்கொண்டது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது வாசலில் நின்று மனைவி ஆக்னஸைப் பார்த்து வளையம் காட்டுவார். ஆக்னஸ் அம்பத்தூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்ப்பவர். காலை அவசரத்தில் இருப்பவர்.

"வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிகினு கீறே? கேக்கறத வாயால கேளு."

ஜாபஸ் வாயால் கேட்க மாட்டார். ஆக்னஸ் விரலால் சொல்ல மாட்டார். கடைசியில் ரயில் சத்தம் கேட்டு இருவரும் ஓடுவார்கள்.

"தண்ணீரில் இறங்காத" என்று மேலே எழுதியிருப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஆமாம், ஒன்பது வருஷம் பவளப்பாறையின் தலைமேல் குடியிருந்தும் ஜாபஸ் அதைப் பார்த்ததில்லை. நீச்சலும் தெரியாது. ஆக்னஸின் தம்பி சின்ன வயதில் ஏரிக்குக் குளிக்கப் போய்த் திரும்பி வராதவன். அதனால் ஜாபஸ் முதன்முதலில் கப்பலேறிய அன்று ஆக்னஸ் வேதாகமத்தை எடுத்து முன்னால் வைத்தார். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வரக் கூடாது. "சத்தியம் பண்றது தப்புன்னு பாஸ்டர் சொல்வாரு. ஆனா ஆக்னஸ் கேட்டா பண்ணித்தான் ஆவணும்" என்கிறார் ஜாபஸ். பண்ணியதைக் காப்பாற்றியும் வந்திருக்கிறார். அலை வந்தால் நண்டு போலப் பின்வாங்குவாராம். தீவில் குழந்தைகள் முதற்கொண்டு சிரிப்பார்களாம்.

இப்படியே காலம் போயிருக்கும். கடல்தான் விடவில்லை. ஒரு கோடையில் தண்ணீர் ஏகத்துக்குச் சூடாகி, பவளமெல்லாம் வெளுத்துப் போயிற்று. நான் சும்மா இராமல், "பாறைதானே, திரும்ப நிறம் வராதா?" என்று கேட்டுவிட்டேன்.

"இன்னா சார் நீங்க! பாறையா அது? உசுரு சார். தம்மாத்தூண்டு உசுரு, கோடிக்கணக்குல ஒண்ணா சேர்ந்துகினு கீது."

பிழைத்த துண்டுகளைப் பொறுக்கி, இரும்புச் சட்டங்களில் கட்டி, கடலடியில் வைத்து வளர்க்கலாம் என்று கடைக்காரர்கள் முடிவு செய்தார்கள். சட்டம் செய்ய ஆள்? எஸ்டேட்டில் வெல்டிங்கும் பழகிய கை ஜாபஸுடையது. கட்டடக் கம்பியை வளைத்து, நாலு கால் வைத்து, குறுக்கே சட்டம் ஓட்டி, ஒவ்வொன்றாகச் செய்து கொடுத்தார். அவர் அவற்றைக் கட்டில் என்றுதான் சொல்வார். கட்டில்கள் படகேறிப் போயின, இறங்கின, மறைந்தன. அதில் கட்டிய பவளம் விரல் விரலாகக் கிளைவிட்டிருக்கிறது என்று இறங்கி வந்தவர்கள் சொன்னார்கள். "நான் போட்ட கட்டில்ல மீனு குடும்பம் நடத்துதாம் சார்!" என்று சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். முதல் பிள்ளை பிறந்த செய்தியை மனிதர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

இந்த வருஷம் கடையைச் சாத்துகிற சமயத்தில் வந்தது வினை. இரண்டு கட்டில்கள் சாய்ந்து கிடப்பதாக ஒருவன் மேலே வந்து சொன்னான். மணல் அரித்ததா, வெல்டிங் விட்டுப்போனதா என்று ஜாபஸ் கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை. வீடியோ எடுத்து வந்து காட்டினான்.

"அம்புட்டும் மீனு சார். மீனையே புடிக்கிறானுங்க. ஜாயிண்டைக் காட்டுடான்னா காட்டத் தெர்ல. நம்ம வெல்டிங் உட்டுகிச்சுன்னா மத்த கட்டிலும் ஒண்ணொண்ணா சாயும். அதுமேல கீற உசுரெல்லாம் மண்ணுல போயிடும். நான் போயி தொட்டுப் பாக்கணும்."

சுற்றுலா வருகிறவர்களைக் கையைப் பிடித்து ஆழமில்லாத இடத்தில் காட்டிக் கூட்டி வந்துவிடலாம், நீச்சல் வேண்டாம். கட்டில்கள் கிடக்கும் ஆழத்துக்கு அப்படி இறக்க முடியாது, முதலில் நீச்சல் கற்று வா என்று முதலாளி சொல்லிவிட்டார். அது ஒரு தடை. வேதாகமம் இன்னொரு தடை. அண்ணனூர் வந்து ஒரு வாரம் சோறு இறங்காமல் இருந்துவிட்டு, ஜாபஸ் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். ஆக்னஸ் மறுநாள் ஒரு நிபந்தனை போட்டார்.

"எங்கண்ணு முன்னால நீந்திக் காட்டு. இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்கு. அப்பால பாக்கலாம்."

முகப்பேரில் ஒரு நீச்சல் குளத்தில் மாலை வகுப்பில் சேர்ந்தார். மூட்டு வலிக்குத் தண்ணீரில் நடக்கச் சொல்லி டாக்டர் என்னையும் அங்கேதான் தள்ளியிருந்தார். நான் ஓர் ஓரத்தில் எருமை போல நடந்துகொண்டிருப்பேன். வகுப்பில் மற்றவர்களெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். நடுவில் வழுக்கைத் தலையும் மீசையுமாக ஜாபஸ். கரையில் பெஞ்சில், கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட மறந்து, மடியில் சுண்டல் டப்பாவோடு ஆக்னஸ். ஷிஃப்ட் முடிந்து நேரே வந்துவிடுவார். சுண்டல் கணவருக்கு. ஆனால் பயத்தில் அவரே தின்று தீர்த்துவிடுவார்.

ஜாபஸுக்கு நீச்சல் வரவில்லை. காரணம் பயமில்லை. பயிற்சியாளர் பரந்தாமன், "மூச்சைப் புடிச்சிகினு தலையை உள்ள உடுங்க சார்" என்பார். ஜாபஸ் தலையை உள்ளே விடுவார். மூச்சைப் பிடிக்க மாட்டார். தண்ணீரை வஞ்சனையில்லாமல் குடித்துவிட்டு, இருமிக்கொண்டு எழுந்திருப்பார். மறுபடி அதே கதை. பிள்ளைகள் சிரித்துச் சிரித்து ஓய்ந்துவிட்டார்கள்.

"மூச்சைப் புடிங்க சார்!"

"புடிக்கக் கூடாது மாஸ்டர்! நுரையீரல் கிழிஞ்சிடும்!"

பரந்தாமன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பிறகு ஜாபஸ்தான் விளக்கினார். சிலிண்டர் காற்றைச் சுவாசித்துக்கொண்டு மேலே வரும்போது மூச்சைப் பிடித்தால், உள்ளே இருக்கும் காற்று உப்பி நெஞ்சைக் கிழித்துவிடும். அந்தத் தொழிலின் முதல் சட்டமே அதுதான். தீவில் கடைச் சுவரில் சிவப்புப் பெயின்டில் அதை எழுதியவரே ஜாபஸ். தினமும் காலையில் அந்தச் சட்டத்தைச் சொல்லிச் சொல்லித்தான் படகு கிளம்பும். ஒன்பது வருஷம் காதில் விழுந்தது உடம்பில் ஏறிவிட்டது.

"இங்கதான் சிலிண்டரே இல்லையே சார்!" என்றார் பரந்தாமன்.

"தெரியுது மாஸ்டர். மூளைக்குத் தெரியுது. நெஞ்சு கேக்க மாட்டேங்குது."

எனக்குச் சிரிப்பு போய்விட்டது. கடலில் இறங்காதவர், கடலின் சட்டத்தை மட்டும் இவ்வளவு விசுவாசமாகக் காத்து வைத்திருக்கிறார். வாரங்கள் போயின. தீவில் கடை திறக்கும் நாள் நெருங்கியது. பரந்தாமனே கைவிட்டுவிடுவார் போலிருந்தது. "அடுத்த வருஷம் பாத்துக்கலாமே சார்" என்று ஒருநாள் மெதுவாகச் சொன்னார். அடுத்த வருஷத்துக்குள் கட்டில்கள் நிற்குமா? ஜாபஸ் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

"யோவ்! ஊதுய்யா!"

எல்லோரும் திரும்பினோம். ஆக்னஸ் எழுந்து நின்றிருந்தார்.

"புடிக்கவும் வேணாம், இழுக்கவும் வேணாம். தண்ணிக்குள்ள ஊது. சூடா கீற டீயை ஊதுவியே, அப்டி ஊதிகினே போ. இந்தப் புள்ளைங்க அத்தினியும் அப்டித்தான் போவுது. நானும் எத்தினி நாளா பாத்துகினு கீறேன்! காத்து தீந்தா தலையைத் தூக்கு. இழு. திரும்பவும் ஊது. மூச்சைப் புடிச்சா தான கிழியும்? உட்டுகினே இருந்தா?"

ஜாபஸ் யோசித்தார். ஊதினால் மூச்சைப் பிடித்ததாகாது. சட்டம் மீறப்படவில்லை. அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன்.

தலையை உள்ளே விட்டார். குபுகுபுவென்று குமிழிகள் வந்தன. எழுந்தார், இருமவில்லை. மறுபடி விட்டார். அன்றைக்கு முழுக்கக் குமிழிதான். அடுத்தடுத்த நாட்களில் கால் அடிக்கப் பழகினார், கை வீசப் பழகினார். பார்க்க அழகாக இருந்தது என்று சொன்னால் பொய். நாய் நீச்சலில் பாதி, வெல்டிங் மெஷினை இழுத்துப் போவதில் பாதி. ஆனால் மிதந்தார்.

போன சனிக்கிழமை, பிள்ளைகள் எல்லோரும் ஒதுங்கிக்கொள்ள, ஜாபஸ் இந்தக் கரையை உதைத்துக் கிளம்பினார். நான் நடப்பதை நிறுத்திவிட்டேன். ஊதினார், தூக்கினார், இழுத்தார், ஊதினார். நடுவில் ஒருமுறை உடம்பு தாழ்ந்தது. ஆக்னஸின் கை சுண்டல் டப்பாவுக்குள்ளேயே நின்றுவிட்டது. மறுபடி குமிழி வந்தது. தலை வந்தது. அந்தக் கரையின் கைப்பிடிக் கம்பியை ஜாபஸ் எட்டிப் பிடித்தார்.

பிள்ளைகள் போட்ட கூச்சலில் குளமே அதிர்ந்தது. பரந்தாமன் விசில் ஊதினார். மூக்குக் கண்ணாடி இல்லாமல், குளோரினில் கண் சிவந்து, யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் ஜாபஸ் பெஞ்சு இருக்கிற திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்தார். கையை உயர்த்தி, இரண்டு விரல்களையும் வளையமாகச் சேர்த்துக் காட்டினார். பிள்ளைகள் அத்தனை பேரும் பதிலுக்கு வளையம் காட்டினார்கள். நானும் காட்டினேன். அவர் கை இறங்கவில்லை. மூச்சு இரைக்க அப்படியே நின்றார்.

ஆக்னஸ் டப்பாவைப் பெஞ்சில் வைத்தார். சுண்டல் ஒட்டிய கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். இரண்டு விரல்களையும் சேர்த்துப் பார்த்தார், வளையம் சரியாக வந்திருக்கிறதா என்று. பிறகு குளத்தின் விளிம்புவரை நடந்து வந்து, கண் மங்கிய அந்த மனிதருக்கும் தெரியும்படி, அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.