அத்தாவின் முகம் போட்ட கேக்

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. பால் பொங்கும்வரை அடுப்பருகில் நில் என்றாலே கால் பரபரக்கும். அப்பேர்ப்பட்டவள் போய், உறைய வைத்துவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டிய வேலையைக் கையில் எடுத்தேன். அதுவும் அன்றைக்குப் பார்த்து.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் சவுதியிலிருந்து வருகிறார். மகள் என் வயிற்றில் இருந்தபோது போனவர். வேலை மாறி, லீவு தள்ளித் தள்ளிப் போய், இப்போது அவளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. அவளுக்கு அத்தா, அதாவது அப்பா, என்றால் போன்தான். போனுக்கு முத்தம் கொடுப்பாள், பிஸ்கட்டை அதன் கண்ணாடியில் தேய்ப்பாள், "அத்தா தின்னுட்டாங்க" என்பாள். ஆனால் வாசலில் எந்த ஆம்பளை வந்து நின்றாலும், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் உட்பட, என் முந்தானைக்குள் ஒளிந்துகொள்வாள். அவரைப் பார்த்தும் இப்படி ஓடிவிட்டால் அந்த மனுசன் மனசு என்ன ஆகும்? இந்த ஒரே பயம்தான் என்னை அரித்துக்கொண்டிருந்தது.

அதனால்தான் கேக். திருவாரூரில் எங்கள் தெருவைச் சுற்றி உள்ளவர்களுக்குப் பிறந்தநாள் கேக் செய்து கொடுக்கிறேன். பட்டர்கிரீமில் படம் போட்டு, உறைய வைத்து, கேக்கின் மேல் ஒட்டுவதில் கை பழகியிருந்தது. கரடி, பூனை, கார் எல்லாம் போட்டாயிற்று. அத்தா முகத்தையே போட்டு, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, "பாரு, இவங்கதான் அவங்க" என்று பிள்ளைக்குக் காட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

மாமிக்கு, அதாவது அவருடைய அம்மாவுக்கு, இது பிடிக்கவேயில்லை.

"இத்தனை வருசம் கழிச்சு வர்ற புள்ள மூஞ்சியில கத்திய வெக்கப் போறியா?"

"ஓரத்துலதான் வெட்டுவேன் மாமி. முகத்த தொடவே மாட்டேன்."

"ஓரம்னா காதுதான் வரும்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

இந்த வேலையில் எல்லாமே தலைகீழ். படத்தைத் தட்டில் ஒட்டி, மேலே பட்டர் பேப்பரை விரித்து, அடியில் தெரியும் கோட்டின்மேல் கூம்புப் பையால் பட்டர்கிரீமைப் பிழிய வேண்டும். உறைந்த பிறகு கேக்கின்மேல் கவிழ்த்துப் பேப்பரை உரித்தால், அடிப்பக்கம்தான் மேலே முகமாக வரும். அதனால் கண், புருவம், அவர் கன்னத்து மச்சமெல்லாம் முதலில்; கன்னத்தின் நிறம் அப்புறம். இடம் வலமாக மாறிவிடும் என்பதால் படத்தையும் முன்கூட்டியே திருப்பிப் பிரின்ட் எடுக்க வேண்டும். கரடிக்கு இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? நான் எப்போதும் திருப்பியதில்லை. அன்றைக்கும் திருப்பவில்லை.

காலையிலேயே ஃப்ரீசரில் வைத்தாயிற்று. வீட்டைக் கூட்டுவேன், திறந்து பார்ப்பேன். துணி காயப்போடுவேன், திறந்து பார்ப்பேன். "கதவு கையோட வந்துரப் போவுது" என்றார் மாமி. ஒருவழியாகக் கல் மாதிரி ஆனதும் கவிழ்த்து உரித்தேன். அழகாகத்தான் வந்திருந்தது. ஆனால் என்னவோ இடித்தது. அவருக்குத் தம்பி ஒருவர் இருந்தால் இப்படி இருப்பார் என்று தோன்றியது.

"மச்சம் இடம் மாறிக் கெடக்கு" என்றார் மாமி.

"போன்ல இந்தப் பக்கம்தானே மாமி?"

"போன்ல எந்தப் பக்கமோ. நான் பெத்தப்ப வலது கன்னத்துல இருந்துச்சு."

அடச்சே! எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவரைக் கட்டிக்கொண்டவள் நான், எந்தக் கன்னம் என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை நாளும் கையகலப் போன் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து நானும் குழம்பிப் போயிருக்கிறேன். முகத்தை அப்படியே வழித்துக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, படத்தைத் திருப்பிப் பிரின்ட் எடுக்க வேகாத வெயிலில் ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன்.

இரண்டாவது முகத்தைப் பிழியும்போது அவசரத்தில் ஒரு புருவம் தடித்துவிட்டது. போகட்டும் என்று ஃப்ரீசரில் தள்ளினேன். அதற்குள் திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து கார் கிளம்பிவிட்டது. தஞ்சாவூர் தாண்டியாச்சு என்று போன் வந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த போனில், நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிற்கிறோம் என்றார்கள். அந்தக் கேட்டைத் திட்டாமல் நான் ஒருநாளும் கடந்ததில்லை. அன்றைக்கு அது மூடிக் கிடந்ததற்கு அல்லாவுக்கு நன்றி சொன்னேன்.

முகத்தைக் கவிழ்த்து ஒட்டி முடிக்கவும் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அவர் இளைத்திருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே குந்தி, இரண்டு கையையும் நீட்டினார். பிள்ளை வீறிட்டுக் கத்திக்கொண்டு என் முந்தானைக்குள் புகுந்தாள். நீட்டிய கையை எப்படி மடக்குவது என்று தெரியாமல் அவர் அப்படியே இருந்தார்.

ஓடிப்போய்க் கேக்கை எடுத்துவந்து கூடத்தில் முக்காலிமேல் வைத்தேன்.

"அத்தா!" என்று பாய்ந்து வந்தாள் மகள்.

"இங்க பாரு, இவங்கதாம்மா அத்தா" என்று அவரைக் காட்டினேன்.

அவரைப் பார்த்தாள். கேக்கைப் பார்த்தாள். "இல்ல. அத்தா இங்க இருக்காங்க" என்று கேக்கைக் காட்டினாள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. மின்விசிறி நின்றதும் பட்டர்கிரீம் முகம் வியர்க்கத் தொடங்கியது. கண்ணோரம் ஈரம் துளிர்த்துக் கன்னத்தில் இறங்கியது.

"அத்தா அழுவுறாங்க!" என்று பிள்ளை அலறினாள். பிளாஸ்டிக் விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்து வீசினாள். அந்தக் கைக்கு எவ்வளவு காற்று வரும்?

அவர் மெல்ல வந்து கேக்கின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவள் கையிலிருந்து விசிறியை வாங்கி வீச ஆரம்பித்தார். அவள் எட்டி நின்று பார்த்தாள். பிறகு ஓரடி நகர்ந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். அங்கிருந்து கேக்கின் முகம் சரியாகத் தெரியவில்லை போல, அவர் மடிமேல் ஏறிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். மாமி வாயைப் பொத்திக்கொண்டார்.

"இன்னும் வேகமா வீசுங்க மாமா" என்றாள் மகள்.

"சரிம்மா" என்று அவர் வேகமாக வீசினார்.