எங்கை பொரிக்கிறனீங்கள்?

என்ரை மனிசன் சிறிக்கு ஒரு பழக்கம். வேலைக்குப் போற வீட்டிலை தேத்தண்ணி குடிக்காமல் எழும்பமாட்டார். நாங்கள் இருக்கிற வெரிபீயிலை ஹீட்டர், ஏசி திருத்துற தமிழர் எண்டால் ஆக்கள் இவரைத்தான் கூப்பிடுவினம். வேலையை இவர் செய்வார், போன் எடுக்கிறதும் ஆக்களுக்கு நேரம் குடுக்கிறதும் நான். மத்தியானத்துக்கு முன்னம் முடிக்கவேண்டிய வீடுகளை இந்த மனிசன் பின்னேரம்வரை இழுக்கும். அடுத்த வீட்டுக்காரர் எனக்கு எடுத்து ஏசுவினம். "கலா, அந்த மனுசி ஊத்திப்போட்டுது. எப்பிடி வேண்டாம் எண்டுறது?" எண்டு கேப்பார். வாயாலைதான் எண்டு சொல்லுவன்.

இவர் படகிலை வந்தவர். வந்து கனகாலம் விசா இல்லாமல் இழுபட்டவர். கோழிப் பண்ணையிலை நிண்டார், ஒபிஸ் கழுவினார். பிறகு ஒரு கிரேக்கக் கிழவனோடை ஹீட்டர் தூக்கிக் குடுக்கிற வேலைக்குப் போய், அப்பிடியே படிச்சு, லைசென்ஸ் எடுத்து, இண்டைக்குச் சொந்தமா ஒரு வான் ஓட்டுறார். அந்தக் காலத்திலை நாங்கள் இருந்த வாடகை வீட்டிலை மழை பெஞ்சால் கூரை ஒழுகும். வீட்டு ஏஜன்ட் வந்து ஏதும் பிரச்சினையோ எண்டு கேட்டால் ரெண்டு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு "நோ ப்ரொப்ளம், நோ ப்ரொப்ளம்" எண்டுவம். வாளியைக் கட்டிலுக்குக் கீழை தள்ளி ஒளிச்சிருக்கிறம். குறை சொன்னால் வீட்டாலை எழுப்பிப்போடுவாங்கள் எண்ட பயம். விசா இல்லாதவனுக்கு ஒழுகிற கூரையும் கூரைதான்.

ஏன் இதைச் சொல்லுறன் எண்டால், பாலேஸ்வரி அன்ரியின்ரை கதை விளங்கவேணும் எண்டால் இது தெரியவேணும்.

போன ஜூன் மாசம், இந்த நாட்டிலை நல்ல குளிர் தொடங்கிற நேரம். அன்ரி எனக்குப் போன் எடுத்தா. யாழ்ப்பாணத்திலை இருந்து மகளுக்குப் பிள்ளைப்பேறு பாக்க வந்து நிக்கிறா. மகள் தர்சினி. கலியாணம் கட்டி எட்டு வருசத்துக்குப் பிறகு, எத்தினை வைத்தியம் செய்து, எத்தினை கோயில் ஏறி இறங்கி வந்த வயிறு. மருமகன் யதுஷன் ஒரு ஸ்ரோரிலை இரவு வேலை. ரெண்டு பேருக்கும் தற்காலிக விசாதான். பழைய செங்கல் வீடு, சுவரோடை பொருத்தின காஸ் ஹீட்டர். அதைச் சோதிச்சுக் கனகாலமாம், வந்து பாக்கட்டாம்.

ஹீட்டரைப் பற்றி ஒரு சொல்லு, மகளைப் பற்றி ஒன்பது சொல்லு. "பிள்ளைக்கு ஒரே தலையிடி, சத்தி. மசக்கை போற மாசத்திலை கூடுது. வேலைக்குப் போனால் நல்லாத்தான் இருக்கிறாளாம். வீட்டை வந்து இருந்தால் தலையைத் தூக்க ஏலாது எண்டுறாள்."

புருசன்ரை முகத்தைப் பாத்தவுடனை வாற தலையிடியாக்கும் எண்டு நான் பகிடி விட்டன். அன்ரியும் சிரிச்சா. நானும் நல்ல கதை ஒண்டு கிடைச்சுது எண்டு, சாப்பிடேக்கை மனிசனுக்குச் சொன்னன். அவர் சிரிக்கேல்லை. சோத்திலை கையை வைச்சபடி, "வேலைக்குப் போனால் இல்லையாமோ?" எண்டு திருப்பிக் கேட்டார். ஓம் எண்டன். "நாளைக்கு முதல் வீடு அதுதான். மற்றாக்களைப் பின்னுக்குத் தள்ளும்" எண்டார். எனக்கு எரிச்சல். காத்திருக்கிற சனத்துக்குப் பதில் சொல்லுறது நானல்லோ?

காஸ் ஹீட்டர் எரியேக்கை வாற புகை புகைக்கூட்டாலை மேலை போகவேணும். போகாமல் வீட்டுக்குள்ளை திரும்பினால் அதிலை இருக்கிற காபன் மொனொக்சைட் ஆளை அமத்திப்போடும். மணமில்லை, நிறமில்லை, இருமல்கூட வராது. தலையிடி வரும், சத்தி வரும், நித்திரை வரும். வயித்திலை பிள்ளை இருந்தால் தாயைவிடப் பிள்ளைக்குத்தான் ஆபத்து. அண்டைக்கு ராத்திரி இதைச் சொல்லிப்போட்டு மனிசன் திரும்பிப் படுத்திட்டார். எனக்கு நித்திரை வரேல்லை.

அடுத்தநாள் காலமை போனார். போர்வையைப் போத்திக்கொண்டு ஹீட்டருக்குப் பக்கத்திலை கதிரையிலை சுருண்டு கிடந்தாளாம் தர்சினி. லீவு போட்டிருக்கிறாள். தாய்க்காரி யன்னல் இடுக்கு எல்லாம் ரேப் ஒட்டி, வாசல் கதவுக்குக் கீழை துவாய் திணிச்சு வைச்சிருக்கிறா. வயித்துப் பிள்ளைக்காரிக்குப் பனி படக்கூடாதாம்.

சோதனைக்கு எண்டு ஒரு முறை இருக்கு. கதவு யன்னல் எல்லாம் சாத்தி, காத்தை வெளியாலை இழுக்கிற ஃபான் எல்லாத்தையும் போட்டு, ஹீட்டரை எரியவிட்டு, பிறகு அந்த நஞ்சைக் காட்டுற மீற்றரைப் பிடிக்கவேணும். ஃபான் கடுமையா இழுத்தால் வீட்டுக்குள்ளை காத்துக் குறைஞ்சு, மேலை போற புகையைப் புகைக்கூடு கீழை இறக்கிவிடும். அதாலை சிறி கேட்டிருக்கிறார், "அன்ரி, வீட்டிலை இருக்கிற ஃபான் எல்லாம் போட்டாச்சோ?"

"ஓம் தம்பி, குசினி ஃபான், குளிக்கிற அறை ஃபான் ரெண்டும் போட்டிட்டன்."

"அங்காலை உந்தக் கதவு?"

"அது உடுப்புத் தோய்க்கிற இடம் தம்பி."

பொய் இல்லை. உடுப்புத் தோய்க்கிற இடம்தான்.

மீற்றரிலை ஒண்டும் காட்டேல்லை. ஹீட்டரைத் துப்பரவாக்கி, திரும்பவும் பிடிச்சுப் பாத்தார். ஒண்டுமில்லை. சாமானை அடுக்கத் தொடங்கினார். பிள்ளைக்குக் குளிருது, ஹீட்டர் எரியட்டும் எண்டு அன்ரி சொல்ல அதை விட்டிட்டார். மீற்றர் மட்டும் நிப்பாட்டாமல் கதிரையிலை கிடந்தது. அப்பத்தான் அன்ரி, "இருங்கோ தம்பி, தேத்தண்ணி ஊத்துறன். வெறும் தேத்தண்ணியோ குடுக்கிறது, ரெண்டு வடை சுடுறன்" எண்டிருக்கிறா. இவரும் இருந்திட்டார். தலையிடிக் கதை மனதை அரிச்சுக்கொண்டு இருந்ததாலைதான் இருந்தனான் எண்டு இண்டைக்கும் சொல்லுவார். வடை எண்ட சொல்லுக்குத்தான் இருந்தவர் எண்டு நான் சொல்லுவன்.

அடுத்த வீட்டுக்காரர் எனக்கு ரெண்டுதரம் எடுத்திட்டினம். நான் இவருக்கு எடுத்தன்.

"எங்கை நிக்கிறியள்?"

"இன்னும் அன்ரி வீட்டிலைதான். இப்ப வாறன்."

"வேலை முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது."

"அப்ப என்ன, மாலை போட்டு அனுப்பவேணுமோ? எழும்பி வாங்கோ. விசர் வருது எனக்கு."

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார், அதுக்குள்ளை பின்னாலை ஒரு சத்தம். கீச்சுக் குரலிலை, விட்டு விட்டு. முதல் யாற்றையோ போன் எண்டுதான் நினைச்சன். "கலா, வை" எண்டார். வைக்கேல்லை, போன் அப்பிடியே கிடந்தது. பிறகு இந்த மனிசன் கத்துறது கேட்டுது. கலியாணம் கட்டின நாள்முதல் என்னோடைகூட அவர் அப்பிடிக் கத்தினதில்லை. "எல்லாரும் வெளியாலை! பிள்ளையைப் பிடியுங்கோ, வெளியாலை!"

நடந்தது இதுதான். அந்த உடுப்புத் தோய்க்கிற அறைக்குள்ளை அன்ரி ஒரு கரண்ட் அடுப்பு வைச்சிருக்கிறா. பொரிக்கிற மணம் பட்டால் தர்சினிக்குச் சத்தி வருது எண்டு, சமையல் முழுக்க அதுக்குள்ளைதான். மணம் ஒரு துளியும் வீட்டுக்குள்ளை வரக்கூடாது எண்டு யதுஷன் கடையிலை பாவிக்கிற மாதிரிப் பெரிய ஃபான் ஒண்டு வாங்கி யன்னலிலை பூட்டியிருக்கிறான். வாடகை வீடு, யன்னலை வெட்டினது ஏஜன்ட்டுக்குத் தெரியாது. அதாலைதான் அந்தக் கதவு சாத்திக்கிடந்தது. சோதனைதான் முடிஞ்சுதே, இனி என்ன எண்டு நினைச்சு, அன்ரி வடைக்கு எண்ணெயை வைச்சுப்போட்டு அந்த ஃபானைப் போட்டிருக்கிறா. இடுக்கெல்லாம் ரேப் ஒட்டின வீடு. காத்து வர வேற வழியில்லை, புகைக்கூட்டாலை புகையோடை இறங்கிச்சுது, கதிரையிலை கிடந்த மீற்றர் கத்தத் தொடங்கிச்சுது. ஒவ்வொரு பின்னேரமும் அதுதான் நடந்திருக்கு. தாய் உள்ளை மகளுக்குப் பாத்துப் பாத்துச் சமைப்பா, மகள் இங்காலை ஹீட்டருக்குப் பக்கத்திலை இருந்து நஞ்சைச் சுவாசிப்பாள்.

இரவு வேலை முடிஞ்சு படுத்திருந்த யதுஷனும் எழும்பி ஓடிவந்து, ரெண்டு பேருமாத் தர்சினியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் புல்லிலை இருத்தி, அம்புலன்சுக்கு அடிச்சிருக்கினம். நான் போனைக் காதிலை வைச்சபடி அடுப்படியிலை நிண்டன். நான் சொன்னதைக் கேட்டு அந்த மனிசன் எழும்பி வந்திருந்தால்?

மற்ற வீடுகளுக்கெல்லாம் இண்டைக்கு வரமாட்டார் எண்டு சொல்லிப்போட்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போனன். அன்ரி வெளியிலை கதிரையிலை இருந்தா. சட்டையிலை கடலைப்பருப்பு மா காய்ஞ்சு ஒட்டியிருந்தது. உள்ளை தர்சினிக்கு ஒட்சிசன் குடுக்கினம். பிள்ளையைப் பற்றி ஆரும் ஒண்டும் சொல்லேல்லை. "நான்தானே ஒட்டினனான்" எண்டா. "ஒவ்வொரு இடுக்கா, நான்தானே பாத்துப் பாத்து ஒட்டினனான்." அழவுமில்லை. நான் அவவின்ரை கையைப் பிடிச்சன்.

பின்னேரம் ஒரு நேர்ஸ் வந்து எங்களை உள்ளை கூப்பிட்டா. தர்சினியின்ரை வயித்திலை பட்டி கட்டி, மெசின் ஒண்டு வைச்சிருந்தினம். சத்தம் கேட்டுது. தையல் மெசினை ஆரோ அவசரமா ஓட்டுற மாதிரி, நிக்காமல். "பேபிஸ் ஹார்ட்" எண்டா நேர்ஸ். அன்ரிக்கு அது விளங்கிச்சுது. நிலத்திலை இருந்திட்டா, பிறகுதான் அழுதா. நானும் சேர்ந்து அழுதன்.

அடுத்தநாள் யதுஷன் வீட்டை வந்தான். கையெடுத்துக் கும்பிட்டான், பிறகு தலையைக் குனிஞ்சபடி, "அண்ணை, ஃபான் கதையை மட்டும் ஏஜன்ட்டுக்குச் சொல்லாமல் விட்டிடுங்கோ. எழுப்பிப்போட்டால் பிள்ளையோடை எங்கை போறது?" எண்டு கேட்டான். எனக்கு உடனை எங்கடை வாளி ஞாபகம் வந்தது. சிறிக்கும் வந்திருக்கவேணும். "தம்பி, மறைக்க ஏலாது" எண்டார். "நீங்கள் போனபிறகு அந்த வீட்டுக்கு வாறவனும் ஆள்தானே. ஆனா நீ தனியப் பேசவேண்டாம், நானும் வாறன்." போனார். அங்கை என்ன கதைச்சார் எண்டு எனக்கு முழுக்கச் சொல்லேல்லை. ஏஜன்ட் முதல் சத்தம் போட்டானாம், பிறகு அடங்கினானாம். யன்னலைத் தங்கடை செலவிலை திருத்திக் குடுக்கிறதெண்டு யதுஷன் ஒப்புக்கொண்டான். பழைய ஹீட்டரைக் கழட்டிப்போட்டு சூடும் குளிரும் தாற ரிவேர்ஸ் சைக்கிள் ஏசி பூட்டினாங்கள். பூட்டினது வேற ஆக்கள். சிறிக்கு அதிலை கொஞ்சம் மனத்தாங்கல்.

அதுக்குப் பிறகு போனிலை நான் கேக்கிற கேள்வியை மாத்திப்போட்டன். எத்தினை ஃபான் இருக்கு எண்டு கேட்டால் எங்கடை சனம் வீட்டுக்காரன் பூட்டின ஃபானைத்தான் சொல்லும். அதாலை, "அக்கா, எங்கை பொரிக்கிறனீங்கள்?" எண்டு கேப்பன். ஒருத்தரும் மறைக்கிறேல்லை. "கராஜிலைதான் தங்கச்சி." "பின்னாலை தகரக் கொட்டில் ஒண்டு போட்டிருக்கிறம் பிள்ளை." மீன் பொரிக்கிறதோ, வாழைக்காய் பொரிக்கிறதோ எண்டதுகூட வந்திடும். அதைத் துண்டிலை எழுதி மனிசன்ரை கையிலை குடுத்துவிடுறன். தேத்தண்ணி விசயத்திலை மட்டும் அவரோடை எனக்கு இன்னும் சண்டைதான்.

ஓகஸ்ட் கடைசியிலை பிள்ளை பிறந்தது. பொம்பிளைப்பிள்ளை. டொக்டர்மார் எல்லாம் பாத்து, குறை ஒண்டும் இல்லை எண்டு சொன்னபிறகும் அன்ரி பிள்ளை கையைக் காலை ஆட்டுதோ எண்டு பாத்துக்கொண்டே இருப்பாவாம். முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிவுக்கு எங்களையும் கூப்பிட்டினம்.

வாசலுக்கு வரவே வடை மணம் வீடு முழுக்க. "குசினியிலைதான் பொரிச்சனான் தம்பி, மணக்கட்டும்" எண்டு சொல்லி அன்ரி சிறிக்குத் தட்டை நீட்டினா. இவர் ஜக்கெட்டைக் கழட்டாமல் இருந்து சாப்பிட்டார். கழட்ட ஏலாது, யன்னல் எல்லாம் ஆவெண்டு திறந்து கிடக்கு. வெளியிலை மழைக்காத்து, பிள்ளை மடியிலை. எனக்குப் பொறுக்கேல்லை. எழும்பி யன்னலைச் சாத்தப் போனன்.

அன்ரி என்ரை கையைப் பிடிச்சா.

"விடு பிள்ளை" எண்டா. "குளிர் வந்தால் தெரியும். தெரிஞ்சால் நான் போத்திவிடுவன்."

நான் கையை எடுத்தன். அவ பிள்ளைக்கு இன்னொரு போர்வையைச் சுத்தி, அந்த யன்னலுக்குப் பக்கத்திலையே போய் இருந்தா.